கேள்விக்காரியின் உம்

காலையில் பாத்திரம் தேய்ப்பது அந்த வீட்டில் கணவரின் வேலை. அவர் தேய்த்து அலசி நீட்ட, மனைவி துணியால் துடைத்து அடுக்குவாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போவதற்குப் பாத்திரம் தேய்ப்பதைவிட நல்ல வழி கிடையாது என்று கல்யாணமான புதிதில் அவள் சொன்னதை அவர் நம்பினார். பிறகு நம்பிக்கை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அன்று அவள் துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு தேஞ்சிடப் போகுது" என்றார்.

"என்னங்க, நேத்து வந்த புதுக் கேள்வி என்னன்னு தெரியுமா? மனுஷ இனமே ஒரேடியா அழிஞ்சுபோற ஆபத்தைக் குறைக்கறது நம்ம காலத்துல செய்யவேண்டிய முக்கியமான வேலைகள்ல ஒண்ணா, இல்லையா? இதை ஜனங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க. என்னை!"

"போன மாசம் என்ன கேட்ட?"

"ஷாம்பூ நுரை போதுமா போதாதான்னு."

"அப்ப பெரிய ப்ரமோஷன்தான்." அவர் குக்கர் மூடியை நீட்டினார்.

"நீங்க சொல்லுங்களேன். முக்கியமா, இல்லையா?"

"அதையெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க பாத்துப்பாங்க. நீ இந்த மூடியைப் பாரு, வளையம் கழண்டு கிடக்கு."

தெருவில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். தொலைபேசியில் ஜனங்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் கம்பெனியில் வேலை. தலையில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், மூன்று பக்கமும் துணி ஒட்டிய பலகைத் தடுப்பு. அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் பிஸ்கட்டின் மொறுமொறுப்பு, பஸ் சீட்டின் அகலம், வங்கியில் நிற்கும் வரிசை என்று அவள் கேட்காத கேள்வி கிடையாது. வேலைக்கு விதிகள் உண்டு. எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொந்த அபிப்பிராயத்தைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். இதிலெல்லாம் அவளை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அதற்கு மேல் அவளிடம் ஒன்று இருந்தது. அவள் உம் கொட்டுவதில் கெட்டிக்காரி. அவள் அப்பா பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது அன்றைய பயணிகளின் கதையைச் சொல்வார். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவிவிட, இவள் மட்டும் எதிரே உட்கார்ந்து உம் கொட்டுவாள். உம் நின்றால் கதை நின்றுவிடும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டு கொட்ட வேண்டும் என்பதெல்லாம் பால்பல் விழுவதற்குள் அவள் தொண்டைக்குப் பழகிவிட்டது. பின்னால் வந்த கணவரும் அதில்தான் விழுந்தார். முதல்முறை சந்தித்தபோது, லிஃப்ட்டின் மறுமுனையில் தொங்குகிற எடைக்கட்டையைப் பற்றி டீ ஆறிப்போகும்வரை பேசினாராம். அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாளாம். "அந்த உம்முலயே முடிவு பண்ணிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார்.

புதுக் கேள்வி வந்ததிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் எப்போது போனை வைப்போம் என்று பார்ப்பார்கள். இதைக் கேட்டால் முதலில் ஒரு மௌனம். பிறகு, "என்னையா கேக்கறீங்க?" என்ற கேள்வி. அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிப் பேச்சு. பெரிய நோய், பெரிய குண்டு, நம்மை மிஞ்சும் யந்திரம், வானத்திலிருந்து விழும் பாறை என்று அவள் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அவர்கள் ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டினார்கள்.

ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். "பின்னாடி புள்ளைங்க பாதி தூக்கத்துல உக்காந்திருக்குதுங்க மேடம். அதுங்க தூங்கலாம். நான் தூங்கலாமா? முக்கியம்னு போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க."

இஸ்திரிக்காரர் ஒருவர், "அழியறதா இருந்தா, குடுக்கவேண்டிய துணியையெல்லாம் குடுத்தப்புறம் அழியட்டும்" என்று சிரித்தார். பிறகு குரல் மாறி, "இல்லம்மா, முக்கியம்தான்" என்றார்.

ரிட்டயரான நில அளவையாளர் ஒருவர் பிடி கொடுக்கவே இல்லை. "எல்லாரும் சேந்து போறதுல என்ன வருத்தம்? தனியாப் போனாத்தான் கஷ்டம். முக்கியம் இல்லைன்னு எழுதுங்க."

எல்லாரையும் தூக்கி அடித்தவள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் அம்மாள். "அதெல்லாம் நடக்கவே நடக்காதுன்னு சொல்றாங்களே, அவங்கதான் தினமும் என்கிட்ட சீட்டு வாங்கறாங்க. கோடியில ஒண்ணு நமக்கு விழும்னு நம்பறவங்க, இது மட்டும் விழாதுன்னு எந்த தைரியத்துல சொல்றாங்க? ஆளைக் காட்டினா நானே நேர்ல கேப்பேன்!"

அதற்கு அவள் கொட்டிய உம் பக்கத்துப் பொந்துவரை கேட்டது. "யக்கா, யாரை லவ் பண்றீங்க?" என்று அங்கிருந்தவள் தலையை நீட்டினாள்.

தினமும் வேலை முடிந்ததும் படிகளில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னிக்கு ஒருத்தர் என்ன சொன்னார் தெரியுமா?" பெயரைச் சொல்ல மாட்டாள், அது விதி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், செருப்பைக் கழற்றியபடியே, "அம்மா, உலகம் அழியறதுக்கு முன்னாடி ஒரு டீ கிடைக்குமா?" என்பாள்.

இந்த ஆட்டம் காது கூப்பிட்டு அனுப்பும்வரை நடந்தது.

காது என்பது மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு யார் பேசுவதை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்பது அவர் உத்தியோகம். கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் தேவலை என்றிருக்கும்.

"உக்காருங்க மேடம். ரெக்கார்டிங்ல ரெண்டு துண்டு போடறேன், கேளுங்க."

முதல் துண்டு. பஸ் டிரைவர் முக்கியம் என்கிறார். அவள் உம் கொட்டுகிறாள். வாயில் எதையோ போட்டு மெதுவாகக் கரைய விடுகிற மாதிரி ஓர் உம். இரண்டாவது துண்டு. நில அளவையாளர் முக்கியம் இல்லை என்கிறார். அதற்கும் உம். யாரோ பீரோ கதவைச் சாத்தின மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. சிரித்து முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொத்தம் ஆறு கேள்வி இருக்கு" என்றார் காது. "முதல் பதிலுக்கு இப்படி ஒரு உம் கிடைச்சா, மீதி அஞ்சுக்கும் அதே உம் வேணும்னு மனுஷனுக்குத் தோணாதா? எனக்கே தோணுது."

"சார், நான் ஒரு வார்த்தைகூட..."

"வார்த்தை இல்ல, அதான் பிரச்சினை. விதியில உம்மைப் பத்தி ஒண்ணும் எழுதல. மத்தவங்க ஃபோன்ல பாதிப் பேர் 'தெரியாது'ன்னு சொல்லியிருக்காங்க. உங்க ஃபோன்ல ஒருத்தரும் தெரியாதுன்னு சொல்லல. இதைக் கேக்கச் சொன்னவங்க, ஜனங்களுக்கு இதுல அக்கறையே இல்லைன்னு நினைக்கறாங்க. உங்களோடதை வெச்சா அந்தக் கணக்கே தலைகீழாப் போகும். அதனால சந்தேகமா இருந்தா வெச்சுக்க முடியாது. மொத்தத்தையும் எடுத்துடணும்."

மொத்தம் என்றால் பஸ் டிரைவர், இஸ்திரிக்காரர், லாட்டரி அம்மாள், இன்னும் எத்தனையோ பேர். "இத்தனை வருஷத்துல இதை ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்லம்மா" என்று சொன்னவர்கள் அத்தனை பேரும். கேட்டது அவள். அவர்கள் சொன்னதைக் குப்பையில் போட வைத்ததும் அவள் தொண்டையா?

நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். "சார், அவங்களையே திரும்பக் கூப்பிடறேன். மறுபடி கூப்பிடலாம்னு எல்லாரும் சம்மதம் சொல்லியிருக்காங்க. அதே முதல் கேள்வி. இந்தத் தடவை உம்முல ஒண்ணும் இருக்காது. அப்பவும் அதே பதில் வந்தா பழசு நிக்கட்டும். மாறினா எடுத்துடுங்க."

காது யோசித்தார். "பத்துப் பேர். யாருன்னு நான் பாத்துப்பேன், நான் கேட்டுக்கிட்டும் இருப்பேன். மூணு பேர் மாறினாப் போதும், மொத்தமும் போயிடும். திங்கக்கிழமை."

"உம்மே கொட்டாம இருந்துட்டா?"

"கொட்டாம இருந்து பாருங்களேன்" என்றார் காது. அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

அன்று மாலை அதையும் முயன்று பார்த்தாள். தன் அக்காவுக்குப் போன் செய்து, அவள் பேசப் பேச வாயைத் திறக்காமல் இருந்தாள். அரை வாக்கியத்தில் அக்கா நின்றாள். "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கியா? என்னடி கோவம்?" உம் இல்லாவிட்டால் யாரும் பேசுவதில்லை. கொட்டத்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே உம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. வழி சொன்னது மகள்தான். "நான் கடையில லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு ஒரே குரல்ல கேப்பேன். ஒரு பக்கம் குரல் சாஞ்சுதுன்னா, வந்தவங்க அந்தப் பக்கமே சாஞ்சுடுவாங்க. அப்புறம் தப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. நீ பழகு. நான் கண்டுபிடிக்கறேன்."

மகள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சமையலறையில் கணவர் கரண்டியோடு நின்றார். கரண்டியை நிமிர்த்திக் காட்டினால் முக்கியம், கவிழ்த்துக் காட்டினால் முக்கியமில்லை. வாய் பேசக் கூடாது. அதைப் பார்த்துக் கேள்விக்காரி உம் கொட்ட வேண்டும்.

கரண்டி நிமிர்ந்தது.

"உம்."

"முக்கியம்!" கூடத்திலிருந்து குரல்.

கரண்டி கவிழ்ந்தது.

"உம்."

"இல்ல! அம்மா, இதுக்குக் கூடத்துல உக்காரவே வேணாம், தெருமுனையில நின்னாலே கண்டுபிடிப்பேன்."

கரண்டியைப் பார்த்ததும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொட்டு என்றார் கணவர். அடுப்பைப் பார்த்தாள். மகள் சரியாகச் சொன்னாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் மகள் சரியாகச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "என்ன அப்படி முனகறீங்க? பல்வலியா? என்கிட்ட மாத்திரை இருக்கு" என்றாள். மூவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"எனக்கு ஒண்ணு தோணுது" என்றார் கணவர். "நீ பதிலுக்கு உம் கொட்டற. பதிலை விட்டுடு. ஆள் பேசறாருன்னு மட்டும் நினைச்சுக்க. லிஃப்ட் மணி இருக்குல்ல, யார் ஏறினாலும் ஒரே மணிதானே அடிக்குது? மூணாவது மாடிக்காரர் நல்லவரா கெட்டவரான்னு அது பாக்குதா?"

ஞாயிறு சாயங்காலம் கரண்டி கவிழ்ந்தது. அவள் கொட்டினாள். கூடத்தில் சத்தமே இல்லை.

"என்னடி?"

"தெரியலம்மா... முக்கியம்?"

தப்பு! கணவர் கரண்டியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அடுத்ததும் தப்பு. அதற்கடுத்தது குருட்டாம்போக்கில் சரி, பிறகு மறுபடி தப்பு. மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இப்ப நீ எங்க கடைக்கே வரலாம்!"

திங்கட்கிழமை காது அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இன்னொரு ஹெட்போனை மாட்டினார். பக்கத்துப் பொந்துக்காரி வேலை செய்கிற பாவனையில் தடுப்போடு ஒட்டிக்கொண்டாள்.

முதலில் பஸ் டிரைவர். "முன்னாடியே சொன்னேனே மேடம், மாத்திச் சொல்வேனா? முக்கியம்."

"உம்."

காது தலையை ஆட்டினார். இரண்டாவது ஆளும் மாறவில்லை, மூன்றாவதும் மாறவில்லை.

இஸ்திரிக்காரர் கேள்வியை முழுக்கக் கேட்டார். "அன்னைக்கு ஏதோ பேச்சு சுவாரசியத்துல சொல்லிட்டேன்மா. உண்மையைச் சொன்னா, எனக்கு அவ்வளவு தூரம் யோசிக்க நேரமில்ல. முக்கியமில்லைன்னு போட்டுக்கங்க."

"உம்." அதே உம். சொல்லிவிட்டு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், நகம் பதிந்திருந்தது.

அடுத்தடுத்து வந்தவர்கள் அசையவில்லை. ஒருத்தி முன்பைவிடச் சத்தமாகவே சொன்னாள். பிறகு நில அளவையாளர்.

"நீங்களா? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நீங்க ஃபோனை வெச்சப்புறம் எனக்குத் தூக்கமே வரல. எல்லாரும் சேந்து போறதுன்னா, நான் அளந்து கல்லு நட்டதையெல்லாம் யார் பாப்பா? தப்பாச் சொல்லிட்டேன். முக்கியம்னு மாத்துங்க."

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "உம்" என்றாள், லிஃப்ட் மணி மாதிரி.

ஒலிவாங்கியை மூடிக்கொண்டு காதைப் பார்த்தாள். "சார், இவர் நல்லதுக்குத்தானே..."

"மாறினா மாறினதுதான். ரெண்டு ஆச்சு."

கடைசியில் மிச்சம் ஒரே ஓர் ஆள். காது எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் பஸ் ஹாரனும், ஊர்ப்பெயர்களை ஏலம் போடுகிற குரல்களும். லாட்டரி அம்மாள். அவளுக்குத்தான் இவள் ஆகப் பெரிய உம் கொட்டியிருந்தாள். உம்முக்காகப் பேசியவர் யாராவது இருந்தால் அது அந்த அம்மாளாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வியைப் படித்தாள்.

"அட, நீங்களா! அதான் அன்னைக்கே சொன்னேனே, சீட்டு வாங்கறவங்களைப் பத்தி."

"உம்."

ஒரு பஸ் கிளம்பிப் போனது.

"லைன்ல இருக்கீங்களா?"

"உம்."

"உடம்பு சரியில்லையா? அன்னைக்கு நல்லாப் பேசினீங்களே."

நான் பேசவே இல்லையே அம்மா, என்று சொல்ல வாய் துடித்தது. விதிப்படி கேள்வியை மட்டும் மறுபடி படிக்கலாம். படித்தாள். குரல் ஒரு பக்கமும் சாயவில்லை. பக்கத்துப் பொந்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"புரிஞ்சுபோச்சு" என்றாள் லாட்டரி அம்மாள். "நான் சொன்னது உங்களுக்குப் பிடிக்கல. பெரிய ஆளுங்க யாரோ திட்டியிருப்பாங்க. பரவால்ல. உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் என் பதில் அதேதான். முக்கியம்! நாலு தடவை கூப்பிட்டாலும் முக்கியம்தான். வெயில்ல உக்காந்து சீட்டு விக்கறவளுக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க. வைக்கறேன், ஆளு வருது."

காது ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வெச்சுக்கறேன்" என்றார். "எல்லாத்தையும்."

பக்கத்துப் பொந்துக்காரி தடுப்பைத் தட்டிய தட்டில் அதில் குத்தியிருந்த காலண்டர் விழுந்தது. அடுத்த வரிசையில் யாரோ விஷயம் தெரியாமலே கை தட்டினார்கள். காது எழுந்து நின்று, "ஒரே நிபந்தனை மேடம். அந்தப் பழைய உம் இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள வேண்டாம்" என்றார்.

அன்று அவள் படியேறவில்லை, பறந்தாள். கதவைத் திறக்கும்போதே கதை ஆரம்பித்துவிட்டது. இஸ்திரிக்காரரையும் நில அளவையாளரையும் நடித்துக் காட்டினாள். லாட்டரி அம்மாள் குரலில், "நாலு தடவை கூப்பிட்டாலும் முக்கியம்தான்!" என்று மேஜையைக் குத்தினாள். மகள் கடையிலிருந்து வரும் வழியில் கேக் வாங்கி வந்திருந்தாள். தின்று முடித்து மகள் குளிக்கப் போக, கேக் தட்டுகளைத் தேய்க்கக் கணவர் தொட்டிக்கு முன் நின்றார். அவள் துணியை எடுத்தாள்.

"எங்கிட்ட கேட்டியே" என்றார் அவர், தட்டை நீட்டாமல்.

"எதை?"

"முக்கியமா இல்லையான்னு. பெரிய ஆளுங்க பாத்துப்பாங்கன்னு சொன்னேன். ரெண்டு நாளாக் கரண்டியை ஆட்டினேன்ல, அப்ப யோசிச்சேன்." அவர் தேய்க்கிற நாரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க ஏழு மாடிக் கட்டடம் இருக்கே, அங்க லிஃப்ட்டுல ஏறுறவங்க என்ன செய்வாங்க தெரியுமா? கண்ணாடியைப் பாத்துத் தலை சீவுவாங்க. கயிறு அறுந்தா ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பிரேக் ஒண்ணு கீழ இருக்கு. அது அவங்களுக்குத் தெரியாது. வருஷா வருஷம் சோதிக்கணும்னு நான் சொன்னா, 'இதுவரைக்கும் அறுந்ததே இல்லையே'ம்பாங்க. நான் அவங்ககூட சண்டை போடுவேன். சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்து உன்கிட்ட அதே மாதிரிதான் சொல்லியிருக்கேன், பெரிய ஆளுங்க பாத்துப்பாங்கன்னு. அது எனக்கே நல்லா இல்ல. ஒருத்தர் பாத்துக்கணும்னா, பாத்துக்கச் சொல்லி கீழேயிருந்து யாராவது நச்சரிச்சாத்தான் பாப்பாங்க. அதனால, முக்கியம். முழுக்க ஒத்துக்கறேன். எழுதிக்க."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. முகம் சிவந்திருந்தது. சோப்பு நுரை முழங்கைவரை வழிந்தது.

"என்ன," என்றார், "சரியாச் சொன்னேனா?"

"உம்" என்றாள் அவள்.

அது லிஃப்ட் மணி. அவள் நினைப்பதற்குள் வந்துவிட்டது.

அவர் இன்னொன்று வரும் என்று காத்திருந்தார். அவளும் தொண்டைக்குள் அந்தப் பழையதைத் தேடினாள். காலையிலிருந்து அடைத்து வைத்ததில் அது எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அவர் குழாயை மூடினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கடைசித் தட்டை அவளிடம் நீட்டிவிட்டுக் கூடத்தைத் தாண்டி வெளியே போனார்.